கல்லுக்குள் சிப்பி வந்தது எப்படி?

கேள்வி: எங்கள் காணியில் கிணறு வெட்டியபோது, அலவாங்கால் பெயர்த்தெடுத்த கற்களில் சிப்பிகளின் அச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆறுகள் அள்ளிவரும் மணலும் சேறும் படிந்து இறுகியே அடையற் பாறை உண்டாகிறது என்று படித்த என் மகள், "இங்கே ஆறே இல்லையே அப்பா, பிறகெப்படி?" என்று கேட்கிறாள். விளக்குவீர்களா?
– வாசகர் ஒருவர், புத்தூர்

பதில்: ஆறே இல்லை என்றால் யாழ்ப்பாணத்து வழுக்கியாறு கோபித்துக்கொள்ளும், ஆனாலும் மாரியில் மட்டும் ஓடும் அந்தச் சிற்றாறு ஒரு குடாநாட்டுக்குரிய கல்லைச் சுமந்து வந்திருக்க முடியாது என்பதால், மகளின் ஐயம் மிகச் சரியானதே. அவர் படித்ததும் பிழையன்று. அது மணற்கல்லுக்கும் களிக்கல்லுக்கும் பொருந்தும். மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, நீரோடு வந்து, தாழ்ந்த இடத்தில் படைபடையாகப் படிகிறது. மேற்படைகளின் பாரம் கீழ்ப்படைகளிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்ற, நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, சிலிக்கா போன்றவை மணிகளுக்கிடையே சாந்துபோல் இறுகி அவற்றைப் பிணைக்கின்றன.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ வேறிடத்திலிருந்து வந்ததன்று. இருந்த இடத்திலேயே விளைந்தது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. ஆனால் புத்தளத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாகக் குடாநாடு வரையுள்ள நிலம், ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில், ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் முருகைகளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் நீரிலிருந்த கல்சியத்தை எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொண்டன. அவை மடிய, ஓடுகள் நொறுங்கிக் குவிந்து, மேற்சொன்னவாறே இறுகிக் கல்லாயின. ஆகவே, கல்லுக்குள் சிப்பி வந்தது எப்படி என்பதைவிட, சிப்பிகளே கல்லாயின என்பதே பொருத்தம். சில இடங்களில் ஓடு பிற்காலத்தில் கரைந்துபோய், அதன் அச்சு மட்டும் எஞ்சியிருக்கும். நீங்கள் கண்டது பெரும்பாலும் அதுவாகலாம்.

அக்கல்லில் ஒரு துளி தேசிக்காய்ச் சாற்றை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நுரைக்கும், கல்சியம் காபனேற்றிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதே அந்த நுரை. மழைநீரும் மண்ணூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகி, இதே கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. உங்கள் அயலிலுள்ள நிலாவரைக் கிணறு அவ்வாறு குடைந்த பள்ளந்தான். கரைந்த சுண்ணாம்பு கிணற்று நீரோடு வீட்டுக்குள்ளும் வருகிறது; கேத்திலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவு அதுவே.

கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலுள்ள கல்லும் இதுதானா?
– வாசகி ஒருவர், நல்லூர்

பதில்: அங்கு பெருமளவில் காணப்படுவது முருகைக்கல். அதுவும் கல்சியம் காபனேற்றுத்தான். ஆனால் ஆழமற்ற கடலில் வளர்ந்த முருகைகளின் கூடு அது, கிணற்றுக் கல்லைவிட மிக இளையது. அருகில் நின்று பார்த்தால், சில கற்களில் பூப்போன்ற சிறு துளைகள் நெருங்கியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு துளையிலும் ஓருயிர் குடியிருந்தது.