நானே மாட்டிய ரிவர்ஸ் கேமராவில் படம் வந்து வந்து போகிறது. புதுக் கேமரா வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வாரம் படம் நன்றாக வந்திருக்கிறது. இப்போது ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை மாறுகிறது, ஆனால் சில நேரம் படம், சில நேரம் 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரை. போன வருடம் எனக்கும் இதே கதைதான். நான் அவசரப்பட்டு இரண்டாவது கேமரா வாங்கினேன். அதிலும் அதே கோளாறு வந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது, தினமும் பின்னாலேயேதான் மெயின் ரோடு வரைக்கும் வர வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாலு வயது, மூன்று சக்கர சைக்கிளோடு எந்த நேரமும் வாசலில் இருப்பாள். என் வண்டி 2014 மாடல். 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களுக்குத்தான் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் என்னுடையதில் அதுவும் இல்லை. கேமரா எனக்கு ஆடம்பரம் இல்லை.

முதலில் ஒரு நல்ல சேதி. திரை மாறுகிறது என்றால், ரிவர்ஸ் போட்டதைத் திரைக்குச் சொல்லும் டிரிகர் வயர் சரியாக இருக்கிறது. ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் 12 வோல்ட் கரண்ட், திரை இருக்கும் ஸ்டீரியோ வரைக்கும் வந்து சேர்கிறது. திரையே மாறாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால்தான் டிரிகர் வயர், ஃபியூஸ், கியர் சுவிட்ச் என்று தேட வேண்டும். கேமராவைச் சந்தேகப்படும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: கேமராவுக்குப் போகும் கரண்ட், அதன் எர்த் (கரண்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு), வீடியோ கேபிள்.

என் விஷயத்தில் எர்த். அதைக் கண்டுபிடித்தது நானில்லை. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவர், கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, ரிவர்ஸ்ல போட்டு இண்டிகேட்டரைப் போடுங்க" என்றார். போட்டேன். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும் அதே தாளத்தில் படமும் மங்கி மங்கி வந்தது. "இப்ப பிரேக்கை மிதிங்க" என்றார். படம் முழுசாகப் போய் நீலத் திரை வந்துவிட்டது. "கேமராவை மாத்திடாதீங்க, எர்த்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், கேமராவின் கறுப்பு வயரை நான் டெயில் லேம்ப் எர்த்தோடு சேர்த்து, பெயின்ட் அடித்த ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருந்தேன். ரிவர்ஸ், பிரேக், இண்டிகேட்டர் பல்புகள் வழக்கமாக ஒவ்வொன்றும் 21 வாட். மூன்றும் எரிந்தால் அந்த ஒரு ஸ்க்ரூ வழியாக 5 ஆம்பியர் போக வேண்டும். பெயின்டும் துருவும் சேர்ந்து அரை ஓம் கூட இல்லாத தடை வந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். போதாக்குறைக்கு, வீடியோ கேபிளில் சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப் பின்னல் முன்னால் ஸ்டீரியோவின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. பின்னால் வழி சரியில்லை என்றால் பல்பின் கரண்ட் அந்தப் பின்னல் வழியாகத் திரும்பப் பார்க்கும். வீடியோ சிக்னலே மொத்தம் 1 வோல்ட்தான், அது என்ன தாங்கும்?

மல்டிமீட்டர் இருந்தால் இப்படி அளந்து பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸில் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை கேமராவின் கறுப்பு வயரில், இன்னொன்று பாடியில் பளபளவென்று தெரியும் வெறும் இரும்பில். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. தனியாக ஒரு போல்ட்டைத் தேடி, பெயின்டைச் சுரண்டி, வளையம் வைத்த டெர்மினலாகப் போட்டு இறுக்கி, மேலே லேசாக கிரீஸ் தடவினேன். அன்றோடு தொல்லை தீர்ந்தது.

உங்களுக்கு இண்டிகேட்டர் போட்டாலும் படத்தில் மாற்றம் இல்லை என்றால், அடுத்து நான் சந்தேகப்படுவது டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை. உள்ளே போகும் கேபிள் ஒவ்வொரு முறை டிக்கியைத் திறக்கும்போதும் மடங்கும். மேல் உறை முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் டிக்கியை மெதுவாகத் திறந்து மூடட்டும், அந்தக் குழாயையும் விரலால் அழுத்தி அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் படம் போனால் இடம் தெரிந்துவிட்டது. அங்கே ஒட்டுப் போடாதீர்கள், குழாய்க்கு இரண்டு பக்கமும் தாராளமாக நீளம் விட்டுப் புதுக் கேபிள் இழுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் போட்டிருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டு சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். மழைக்காலத்தில் அவை கண்டிப்பாகக் காலை வாரும்.

இதற்கும் பிடிபடவில்லையா? கேமராவைக் கழற்றி முன்சீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபியூஸ் வைத்த வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்து, சின்ன கேபிளில் ஸ்டீரியோவோடு இணையுங்கள். பத்து நிமிடம் படம் அசையாமல் நின்றால் கேமராவும் ஸ்டீரியோவும் நல்லவை, கோளாறு வயரிங்கில்தான். இங்கேயும் படம் போய் வந்தால் அப்போது புதுக் கேமரா வாங்கலாம், மனசும் கேட்கும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் அமைப்புகளில் கேமரா வகை ஏஎச்டியா (கூடுதல் தெளிவான வீடியோ வகை), சாதாரண சிவிபிஎஸ்ஸா (பழைய வீடியோ வகை) என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். அது தப்பாக இருந்தால் படம் முதல் நாளே வந்திருக்காது, ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் அமைப்பு மாறியிருக்கலாம்.

சரியாகும் வரைக்கும் தயவுசெய்து கேமரா இல்லாத வண்டி என்றே நினைத்து ஓட்டுங்கள், பின்னால் ஒருவரை நிற்க வைத்து எடுங்கள். வந்து வந்து போகும் படம் படமே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் கண் அதை நம்பிவிடும்.

சரியான பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே போட்டு வருபவை, உங்கள் பம்பரை அளந்து போட்டவை அல்ல. பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, திரையில் எது எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் வண்டியில் சிவப்புக் கோடு 70 சென்டிமீட்டரில் விழுகிறது. வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோருக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.