'மேயர்' முத்திரை இருந்தால் போதுமா?

கேள்வி: லண்டனில் ஒரு ஞாயிறு சந்தையில் கறுப்பு மரத்தில் எட்டு கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்) வைத்த பழைய புல்லாங்குழல் பார்த்தேன். தலைப்பகுதி முழுக்கத் தந்தம், உடம்பில் 'மேயர்' என்று முத்திரை. 150 வருடப் பழசு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அதுவும் அந்தத் தந்தத் தலைக்காகவே வேண்டாம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தம் விற்கத் தடை இருக்கிறது. இசைக்கருவிக்கு உள்ள விலக்கு, 1975க்கு முன் செய்ததாக, தந்தம் 20 சதவீதத்துக்கும் குறைவாக, பதிவும் செய்ததாக இருந்தால்தான். முழுத் தலையும் தந்தம் என்றால் அந்த அளவுக்குள் அடங்குவது கஷ்டம்.

பெயரையும் நம்பாதீர்கள். ஹனோவரில் மேயர் என்ற குழல் கைவினைஞர் இருந்தது உண்மை, ஆனால் அவர் செய்த வகைக் குழல் நன்றாக விற்றதால் ஜெர்மன் பட்டறைகள் அதையே ஏராளமாகச் செய்து அவர் பெயரையும் போட்டு அனுப்பின. எங்காவது 'ஜெர்மனி' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பிரிட்டனின் 1887 சட்டமும் அமெரிக்காவின் 1890 சட்டமும் வந்த பிறகுதான் நாட்டின் பெயரைப் போடுவது பரவியது, அதனால் அது இருந்தால் 150 வருடக் கணக்கு உதிர்ந்துவிடும்.

அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள், மரத் தலை வைத்த இதே ஜெர்மன் குழல்கள்தான் குறைந்த செலவில் தொடங்க நல்ல வழி. 1847இல் போம் என்ற ஜெர்மன் கைவினைஞர் உருளை வடிவ உலோகக் குழலைக் கொண்டுவந்தபின் இசைக்குழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்ட பழைய மரக்குழல்களை அயர்லாந்துக் கலைஞர்கள் மலிவாக வாங்கி வாசித்தார்கள், இன்றும் விரும்புகிறார்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால், முதலில் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். பெரும்பாலும் உள்ளே உலோகக் குழாய் இருக்கும். மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் நீளவாக்கில் விரிசல் விடும். நான் வாங்கிய முதல் குழலில் விரிசலைக் கறுப்பு மெழுகால் அடைத்திருந்தார்கள், நகத்தால் தடவிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அப்புறம், ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, துளைகளை விரலால் மூடி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து மறுமுனையில் காற்றை உறிஞ்சுங்கள். நாக்கை இழுத்துப் பிடித்தால் சரி, காற்று உடனே ஒழுகினால் பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) போயிருக்கும், அல்லது விரிசல்.

சுருதிதான் கடைசிப் பரிசோதனை. அக்காலத்தில் பிரிட்டனில் சுருதி சேர்க்கும் 'ஏ' சுரத்தை நொடிக்கு 452 அதிர்வு வரை ஏற்றி வைத்திருந்தார்கள், இன்று 440. போனில் ட்யூனர் (சுருதி காட்டும் செயலி) வைத்து ஊதிப் பாருங்கள். தலையை வெளியே இழுத்தும் இறங்கவில்லையென்றால் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

வாங்கியபின் முதல் சில வாரம் தினமும் பத்து நிமிடம்தான் ஊதலாம், முடிந்ததும் உள்ளே துணியால் துடைத்துவிடுங்கள்.