ஸ்கேன் பரவாயில்லை என்றார்கள், பிறகு எலும்பு ஏன் முறிந்தது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். 15 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), கொலஸ்ட்ராலும் உண்டு. புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருந்து, ராத்திரி வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுப் படுத்தேன். விடியற்காலை குளியலறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 1.8, பயப்பட வேண்டாம் என்றார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைதான் எலும்பை அரிக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஸ்டேட்டின் வகை கொலஸ்ட்ரால் மாத்திரைகள் எலும்பை அரிப்பதில்லை. இனிப்பு நீர் உள்ளவருக்கு அவை மாரடைப்பிலிருந்து காவல்.

நான் கவலைப்படுவது அந்த ஸ்கேனைப் பற்றித்தான். எலும்பில் தாது எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே அது அளக்கும். அந்தத் தாதுவைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நாரின் நிலைமை அதில் தெரியாது. பச்சை மூங்கில் வளையும், காய்ந்தது தெறிக்கும். தடிமன் இரண்டுக்கும் ஒன்றுதான். ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அது கொலாஜனில் ஒட்டி, நார்களை விறைப்பாக்கிவிடுகிறது. கிளினிக்கில் எடுக்கும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை காட்டுவது, இதே சர்க்கரை ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய அளவு. சிவப்பணு சுமார் 120 நாளில் அழிந்து புதிது வரும். எலும்பின் கொலாஜனோ பல வருடம் இருக்கும். ஆகவே இந்த மூன்று மாதம் ரிசல்ட் நன்றாக வந்தாலும், பழைய வருடங்களின் சர்க்கரை எலும்பில் இருக்கத்தான் செய்யும்.

கொழுப்புக்கும் இதில் பங்கு உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரே தாய் செல்லிலிருந்துதான் எலும்பு கட்டும் செல்லும் வரும், கொழுப்பு செல்லும் வரும். இனிப்பு நீரும் வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்தால் தராசு கொழுப்புப் பக்கம் சாய்கிறது. எலும்பைப் புதுப்பிக்கும் வேலை மந்தமாகிறது. பருமனானவர்களுக்கு எலும்பு கெட்டி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஸ்கேனிலும் பல நேரம் அப்படித்தான் தெரியும். ஆனால் இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, அதே ஸ்கோர் உள்ள மற்றவர்களைவிட இடுப்பு எலும்பு முறிவு அதிகம். உங்கள் மைனஸ் 1.8-ஐ நான் மைனஸ் 2.3 போலத்தான், அதாவது இன்னும் பலவீனமான எலும்பாகத்தான் படிப்பேன். அதோடு, நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்ததே ஓர் எச்சரிக்கை. எலும்புக்கு மருந்து தொடங்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் படிவத்தில் இரண்டாம் வகை இனிப்பு நீருக்குத் தனிக் கட்டம் இல்லை, அதனால் அபாயம் குறைவாகக் காட்டும். அதை ஈடுகட்டவே சில மருத்துவர்கள், இனிப்பு நீருக்குப் பதிலாக முடக்குவாதக் கட்டத்தைக் குறியிட்டுக் கணக்குப் போடுகிறார்கள்.

மாத்திரைப் பையையும் அப்படியே எடுத்துப் போங்கள். பியோகிளிட்டசோன் என்ற இனிப்பு நீர் மாத்திரை இருந்தால் சொல்லுங்கள். பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டும் மாத்திரை அது. கிளிக்கிளசைடு என்ற இன்னொரு இனிப்பு நீர் மாத்திரை இருந்தால், அந்த விடியற்காலை நீங்கள் தடுமாறியது சர்க்கரை இறங்கியதால்கூட இருக்கலாம். விரத நாளில் இரவுச் சாப்பாடு இல்லாமல் வழக்கமான மாத்திரையைப் போட்டால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போய்விடலாம். விரதத்தை விடச் சொல்லவில்லை அம்மா. ஆனால் அடுத்த விரதத்துக்கு முன் டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள். பாதம் மரத்திருக்கிறதா, கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். மரத்த பாதமும் மங்கிய பார்வையும் ஆளை விழவைக்கும்.

சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வேண்டும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, பால், தவ்ஃபூ எல்லாம் உதவும். நெத்திலியை நன்றாகக் கழுவி உப்பைப் போக்குங்கள். வெயில் ஊரில் இருந்தும் வைட்டமின் டி குறைவாக உள்ள பெண்கள் இங்கே நிறையப் பேர், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்கட்டு இருக்கும்போதே ஒன்று தொடங்கலாம்: கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதைப் பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். முதல் வாரம் பக்கத்தில் யாராவது நிற்கட்டும். குளியலறைக்கு ராத்திரி விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும் இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.