பழைய லேப்டாப், மழை வந்தால் போகிற நெட்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் சரிப்படுமா?

கேட்டவர் எழுதியிருப்பது: "வீடு குலசேகரம் பக்கம். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பும் ஒரு ஆண்ட்ராய்டு போனும் இருக்கு. அண்ணன் சவுதியில் தம்மாமில் வேலை, அவனிடம் போன் மட்டும்தான். காசு கட்டாமல் ரெண்டு பேரும் சேர்ந்து ஆட ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் சரிப்படுமா? மழை வந்தால் எங்களுக்கு நெட் அறுந்து அறுந்து போகும்."

சரிப்படும். இது ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பலர் சேர்ந்து திறன் வளர்த்து ஆடுகிற ஆன்லைன் கேம். இந்த மாதிரிக் கேள்வி யார் கேட்டாலும், "ஃபைபர் இல்லாமல் ஆன்லைன் கேம் பக்கமே போகாதீங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். துப்பாக்கிச் சண்டை கேமுக்கு அது நியாயமான பேச்சு. இந்த கேமுக்குப் பொருந்தாது. கேம் ஓடுகிற விதம் தெரியாமல் ஊரைக் குறை சொல்வது வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ரூன்ஸ்கேப்பின் சர்வர் 0.6 நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கும். அதற்கு டிக் என்று பெயர். நடப்பது, அடிப்பது, சாப்பிடுவது, மரம் வெட்டுவது எல்லாமே அந்த டிக்கில்தான் நடக்கும். உங்கள் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பி வரும் நேரம்) 200 மில்லி செகண்ட் என்றாலும் ஒரு டிக்கின் மூன்றில் ஒரு பங்குதான். புதிதாக ஆடுகிறவருக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. தொல்லை தருவது நெட்டின் வேகக் குறைவு இல்லை, நெட் அறுந்து போவதுதான். சண்டைக்கு நடுவே லைன் போனால் உங்கள் ஆள் உடனே வெளியே வரமாட்டான், நின்ற இடத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டிருப்பான். நீங்களாக லாக் அவுட் செய்வதென்றாலும் கடைசிச் சண்டை முடிந்து 10 நொடி ஆக வேண்டும். ஆகவே மேற்கே இடி கேட்கத் தொடங்கியதுமே சண்டையை விட்டுவிட்டு மீன்பிடிக்கவோ மரம் வெட்டவோ போய்விடுங்கள். அங்கே லைன் போனால் இழப்பு ஒன்றுமில்லை. செத்தே போனாலும், சாதாரண இடங்களில் விலை கூடிய 3 பொருள் உங்களிடமே இருக்கும். மீதி 15 நிமிடம் கல்லறையில் கிடக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். புதுக்கணக்கில் அப்படிப் பெரிதாக இழக்கவும் ஏதுமிருக்காது.

போனும் லேப்டாப்பும் ஒன்றாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். இந்த கேம் 2013 பிப்ரவரியில் தொடங்கியது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் 2018 அக்டோபரில் வந்தது. போனுக்கென்று தனிச் சர்வர் கிடையாது, போனிலும் லேப்டாப்பிலும் அதே உலகங்கள், உங்களுக்கு அதே கணக்கு. கரண்ட் போய் வைஃபை அணைந்தால் போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணக்கு ஏற்கெனவே உள்ளே இருப்பதாகச் சொன்னால் பதறாதீர்கள், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். ஒரே ஆளை இரண்டு கருவியில் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது.

போனில் பிளே ஸ்டோரிலிருந்து நேராக எடுங்கள். லேப்டாப்பில், கேமை நடத்தும் ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் லாஞ்சரைப் போட்டு, அதற்குள்ளிருந்தே ரூன்லைட்டையும் நிறுவிக்கொள்ளலாம். ரூன்லைட் என்பது கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள், வெளியார் செய்தது, ஆனாலும் ஜாஜெக்ஸ் அனுமதித்த திறந்த மூல நிரல். கூகிளில் தேடி மேலே வருகிற விளம்பர இணைப்பை மட்டும் தொடாதீர்கள். கடவுச்சொல் திருடுவதற்கென்றே போலித் தளங்கள் இருக்கின்றன. 4 ஜிபி ராமில் ரூன்லைட் ஓடும், குரோமில் பத்து டேப் திறந்து வைத்திருந்தால்தான் திணறும். 117 ஹெச்டி என்ற பிளகினை (ரூன்லைட்டில் சேர்க்கும் கூடுதல் வசதி) எல்லாரும் புகழ்வார்கள், படம் அழகாகத்தான் இருக்கும், பழைய லேப்டாப்பில் போடவே வேண்டாம். அதற்குப் பதில் ரூன்லைட்டின் பிளகின் ஹப்பில் குவெஸ்ட் ஹெல்பரைச் சேருங்கள், குவெஸ்ட் என்கிற கதைப் பணிகளில் எங்கே போக வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். போனில் பிளகின் ஓடாது. அண்ணன் கேமின் விவரங்கள் உள்ள விக்கி தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். மவுஸில் ரைட் கிளிக் செய்கிற இடத்தில் போனில் விரலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு திறந்த அன்றே இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அவர்கள் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்த பிறகு அந்தக் குறியீடுகளைத் தேடிப் பயனில்லை.

புதிதாக வருகிறவருக்கு ஆடக் கற்றுக்கொடுக்கும் டுடோரியல் தீவில் ஒரு பொறி இருக்கிறது. முடிக்கப் போகும்போது அயர்ன்மேனாக ஆடுகிறீர்களா என்று கேட்கும். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அயர்ன்மேன் என்றால் இன்னொருவரிடம் எதையும் வாங்கவும் முடியாது கொடுக்கவும் முடியாது. அண்ணனோடு சேர்ந்து ஆடுவதற்காக வருகிறவருக்கு அது கதவைச் சாத்திக்கொள்வது போல.

தீவிலிருந்து லம்பிரிட்ஜ் கோட்டைக்கு வந்து சேர்வீர்கள். அண்ணனைக் காணவில்லை என்றால் உலக எண்ணைப் பாருங்கள். கேமில் நூற்றுக்கும் மேற்பட்ட உலகங்கள், அதாவது ஒரே கேமைத் தனித்தனியாக ஓட்டும் சர்வர்கள் உண்டு, இருவரும் ஒரே எண்ணில் இருந்தால்தான் நேரில் பார்க்க முடியும். பட்டியலில் இலவசம் எது, கட்டணம் எது, எந்த நாட்டுச் சர்வர் என்று எல்லாம் போட்டிருக்கும். இருவருக்கும் சேர்த்து எது பரவாயில்லாமல் வருகிறதோ அந்த எண்ணை மனதில் வையுங்கள். பி.வி.பி. என்று எழுதிய உலகத்துக்குள் மட்டும் போகாதீர்கள், அங்கே நடுத்தெருவிலேயே ஆள் ஆளைக் கொல்லலாம்.

ஒரு ஏமாற்றத்தை முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து திட்ட வேண்டாம். சேர்ந்து ஆடுவது என்றால் இருவரும் ஒரே மாட்டை அடிப்பது என்று நினைத்திருப்பீர்கள். பல இடங்களில் ஒரு மிருகத்தோடு ஒருவர்தான் மோத முடியும், இரண்டாவது ஆள் அடிக்கப் போனால் கேம் தடுத்துவிடும். குவெஸ்டும் அவரவர் தனியாகத்தான் முடிக்க வேண்டும். ஆனால் இலவசப் பகுதியிலேயே ஒரு குவெஸ்ட் இரண்டு பேர் இல்லாமல் நகராது: வாரோக் நகரத்து ஷீல்டு ஆஃப் அராவ். இரண்டு கும்பல்கள், ஃபீனிக்ஸ் ஒன்று, பிளாக் ஆர்ம் ஒன்று. ஒருவர் இதில், மற்றவர் அதில் சேர்ந்து, பொருளைக் கைமாற்றித்தான் முடிக்க முடியும். சேர்ந்த கும்பலை மாற்றிக்கொள்ள முடியாது. இருவரும் ஒரே கும்பலில் போய் விழுந்தால் முன்பின் தெரியாத மூன்றாவது ஆளைத் தேடி அலைய வேண்டும். யார் எதில் என்று முதலிலேயே பேசி வையுங்கள். உங்கள் இருவருக்காகவே செய்து வைத்த மாதிரி ஒரு குவெஸ்ட் அது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கேம் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கும் கூட்டத்தைத் தடுக்க, புது இலவசக் கணக்குகளின் கொடுக்கல் வாங்கலுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 20 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், எல்லாத் திறன்களின் லெவலும் கூட்டி மொத்தம் 100 ஆக வேண்டும், குவெஸ்ட் புள்ளி 10 சேர வேண்டும். லெவல் தானாக வரும், ஆரம்ப லெவல்களுக்கு அதிகம் கேட்காது, இரண்டாம் லெவலுக்கு 83 அனுபவப் புள்ளி போதும். குவெஸ்டுக்கு அலைய வேண்டாம். குக்ஸ் அசிஸ்டென்ட், ஷீப் ஷியரர், ரெஸ்ட்லெஸ் கோஸ்ட், ரூன் மிஸ்டரீஸ், எக்ஸ் மார்க்ஸ் தி ஸ்பாட் ஐந்தும் லம்பிரிட்ஜைச் சுற்றியே தொடங்கும், தலா 1 புள்ளி. கோப்ளின் டிப்ளமசி ஒன்றே 5 தரும். பத்து ஆயிற்று.

குக்ஸ் அசிஸ்டென்டில் சமையல்காரனுக்கு முட்டை, பால், மாவு மூன்றும் கொண்டுபோக வேண்டும். பலர் மாவில்தான் திணறுவார்கள். கோதுமையை ஆலையின் உச்சி மாடிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டு, பக்கத்து நெம்புகோலை இயக்கிவிட்டு, கீழே இறங்கி வந்து காலிப் பானையில் அள்ள வேண்டும். நெம்புகோலை மறந்தால் கீழே மாவு வராது, பானையை மறந்தால் அள்ள முடியாது. ஷீப் ஷியரரில் ஆட்டு ரோமம் 20 உருண்டை கேட்பார்கள், வெட்டப் போகும்போது கொம்புள்ள கிடாயை விட்டுவிடுங்கள், அதற்கு ரோமம் வெட்ட வராது. பையில் மொத்தமே 28 இடம்தான். தேவையில்லாததை வங்கியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இலவசத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், 15 திறன்கள் கிடைக்கும். நாள் கணக்கோ கெடுவோ இல்லை. ஸ்டீல் ஆயுதத்துக்கு லெவல் 5, மித்ரில் 20, அடமன்ட் 30, ரூன் 40. மீன்பிடித்தல் நம் பக்கத்து ஆட்களுக்குப் பிடித்துப்போகும். முதல் லெவலில் சின்ன வலையில் இறால், 15இல் நெத்தோலி, 40இல் சிங்கி இறால். சிங்கிக்குப் படகில் 30 காசு கொடுத்துக் கரம்ஜா தீவுக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் சமைத்தால் பாதி கருகும், லம்பிரிட்ஜ் கோட்டை அடுப்பில் கருகல் கொஞ்சம் குறையும். அந்த மீன்தான் சண்டையில் உங்கள் உயிர். பத்துப் பன்னிரண்டு மீனாவது பையில் இல்லாமல் சண்டைக்கு இறங்காதீர்கள்.

வாரோக், எட்ஜ்வில் இரண்டுக்கும் வடக்கே ஒரு பள்ளம் வரும். அதைத் தாண்டினால் வில்டர்னெஸ், அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். வில்டர்னெஸ் லெவல் (எவ்வளவு உள்ளே போனீர்கள் என்று காட்டும் எண்) 5இல் நின்றால், உங்கள் சண்டை லெவலுக்கு மேலும் கீழும் 5க்குள் இருக்கிற எவரும் தாக்கலாம். உள்ளே போகப் போக அந்த வரம்பு விரியும். "வா, ஓசியில் கவசம் தரேன்" என்று வடக்கே கூப்பிடுகிறவன் கொள்ளைக்காரன். "காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தரேன்", "கவசத்துக்குத் தங்கக்கரை போட்டுத் தரேன்" எல்லாம் அதே கும்பல். அப்படிக் கரை போடும் வசதியே கேமில் கிடையாது.

காசு கட்டச் சொல்லி நான் எழுதவில்லை. பெரும்பகுதி நிலம் கட்டணக்காரருக்குத்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பாண்ட் என்று ஒரு பொருள் உண்டு. யாரோ நிஜக் காசில் வாங்கி கேமுக்குள் விற்பார்கள், நீங்கள் கேம் காசிலேயே வாங்கி 14 நாள் உறுப்பினராகலாம். இலவசப் பகுதியில் அவ்வளவு சேர்ப்பது மெதுவான வேலை. முதல் மாதம் அதை நினைக்கவே வேண்டாம். வெளியே தங்கம் விற்கும் தளங்களில் வாங்கினால் கணக்கே முடக்கப்படும்.

ஜென்ஷின் இம்பாக்ட் இல்லையா, ஆல்பியன் ஆன்லைன் இல்லையா என்று கீழே வந்து கேட்பவர்களுக்கு: இரண்டும் இலவசம், போனிலும் கணினியிலும் ஓடும், இரண்டும் நல்லவை. ஜென்ஷின் இடம் கேட்கும், கிராபிக்ஸ் கேட்கும், ஓர் உலகத்தில் 4 பேர்தான். ஆல்பியனில் சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் செத்தால் உடம்பில் இருப்பதெல்லாம் போகும். நெட் அறுகிற வீட்டுக்கு அது ஆகாது. இந்த வீட்டுக்கு, இந்த லேப்டாப்புக்கு எது பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நம் ஊரில் ஆன்லைன் கேம் என்று சொன்னதும் வீட்டில் "ரம்மியாடே ஆடுத?" என்பார்கள். பெரியவர்களைக் குறை சொல்லவில்லை, காசு வைத்து ஆடிக் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயம். 2025இல் மத்திய அரசு தடை செய்தது காசு கட்டி, ஜெயித்தால் காசு வரும் ஆட்டத்தை. மீன்பிடித்துச் சமைத்து ஆட்டு ரோமம் நூற்கிற கேமை அந்தக் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்? ரூன்ஸ்கேப்பிலும் ஆட்டக்காரர்கள் பந்தயம் கட்டும் டூயல் அரீனா இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்து நிமிடம் காட்டுங்கள், தம்மாமில் இருக்கிற மகன் அடுப்பில் இறால் சுடுவதை அவர்களும் பார்க்கட்டும்.

சாட்டில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்க வேண்டும். பெயர் 12 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு இரவு 8 மணி என்றால் நமக்கு 10.30. நாளை அவர் வேலை முடிந்து வருவதற்குள் நீங்கள் டுடோரியல் தீவை முடித்துவிட்டு, உலக எண்ணை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, லம்பிரிட்ஜ் கோட்டை முற்றத்தில் நில்லுங்கள்.