திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை முடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராகச் சேர்ந்தால் முதலில் யாரோடு பழக வேண்டும்?

முதலாளியிடம் நல்ல பெயர் வாங்குவது பிறகு இருக்கட்டும். முதல் வாரமே, துணி வெட்டுவதற்கான அளவு அச்சைத் தயாரிக்கும் பேட்டர்ன் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். ஆர்டர் தரும் பையர், சாம்பிளின் அளவில் மாற்றம் கேட்டு அனுப்பும் ஃபிட் கமெண்ட் மெயிலை அப்படியே நீட்டாமல், மார்பு, நீளம், ஆர்ம்ஹோல் (கைத்துளை) என்று பழைய அளவையும் புது அளவையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். சாம்பிள் வரிசையில் உங்கள் ஸ்டைல் முன்னே நகரும்.

அடுத்து சாயப்பட்டறை லேப்காரர். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றித் தரும் சிறு துணித் துண்டு) திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆவதற்கு ஒரு முக்கியக் காரணம், பையர் எந்த விளக்கில் நிறம் பார்ப்பார் என்று நாம் சொல்லாமல் விடுவது. பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் பொருந்தும் நிறம், கடை விளக்கான டிஎல்84-இல் வேறாகத் தெரியலாம். இதைச் சொல்லிவிட்டு ஏ, பி, சி என மூன்று ஷேடு கேளுங்கள்.

துணி வந்ததும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்), சுருக்க ரிப்போர்ட் கட்டிங் மாஸ்டர் கைக்குப் போக வேண்டும். 70 செ.மீ. நீளத்தில் 5% சுருக்கம் என்றால் 3.5 செ.மீ. போச்சு. வெட்டிய பிறகு வைத்தியம் கிடையாது. (அவரை 'மாஸ்டர்' என்றே கூப்பிடுங்கள், பெயர் சொல்லி அல்ல.)

அக்கவுண்ட்ஸ் பிரிவைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) பில்லைச் சரிபார்த்து அங்கே அனுப்பாமல் தேக்கினால், பணம் தாமதமான பிரிண்டிங் யூனிட்காரர் அவசரத்துக்கு உங்கள் போனை எடுக்க மாட்டார்.