பழைய வண்டியில் ஒயர் சூடாவது ஏன்? – கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்து வாகன உரிமையாளர்களின் கேள்விகளுக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் நெடுநாள் பழகியவர் தரும் பதில்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: ஐயா, என்னிடம் பழைய மாருதி 800 உள்ளது. ஹெட்லைட்டைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. பியூஸ் ஒருமுறைகூடப் போகவில்லை. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சூடு எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சுவிட்சுக்குச் செல்லும் ஒயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். நெடுகிலும் ஒரே சீராக வெதுவெதுப்பு இருந்தால், அந்த ஒயர் தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்ட் ஓடுகிறது என்று பொருள். கப்ளரை (ஒயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) ஒட்டி இரண்டு விரற்கடை மட்டும் சுட்டு, அந்த இடத்தில் உறை விறைத்துப் பழுப்பேறியிருந்தால், குறை ஒயரில் இல்லை, கப்ளருக்குள் ஒயர் முனையில் இருக்கும் பித்தளைப் பின்னில்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதாகவே தோன்றுகிறது.

பியூஸ் போகாததற்கும் அதுவே காரணம். 60 வாட் பல்புகள் இரண்டும் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். கப்ளர் பின் தளர்ந்தோ பச்சை பூத்தோ 0.1 ஓம் தடை உண்டானால், அந்தச் சிறு பித்தளைத் தகட்டில் மட்டும் 10 வாட் சூடு பிறக்கும். தடை கூடும்போது கரண்ட் சற்றுக் குறையவே செய்யும் என்பதால், கரண்ட் மிகுந்தால் மட்டுமே உருகும் பியூஸுக்கு இது தெரியவே தெரியாது.

உறுதி செய்துகொள்ள, விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கப்ளருக்குள் நுழையும் ஒயரிலும் அதிலிருந்து வெளியேறும் ஒயரிலும் முனைகளை வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டுவிட்டது. அணைத்த நிலையில் ஓம் அளந்து "எல்லாம் சரி" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சாதாரண மீட்டரின் ஒயர்களிலேயே அந்த அளவு தடை இருக்கும். புதிய பின் அடிக்கும்போது, உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும்வரை பழைய ஒயரை வெட்டிக்கொண்டே போங்கள். நம் கடற்காற்றில் உறைக்குள்ளும் செம்பு வெகுதூரம் கறுத்திருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது.

கடலூர் முதுநகர் வாசகர்: பழைய ஜீப்பில் 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்பு போட்டேன். பியூஸ் அடிக்கடி போகிறது, சுவிட்சும் கொதிக்கிறது. 30 ஆம்பியர் பியூஸ் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பியூஸின் அளவு ஒயரின் தடிமனைப் பார்த்து வைத்தது, பல்பைப் பார்த்து அல்ல. இப்போது சுமார் 17 ஆம்பியர் ஓடுகிறது; மேலே சொன்ன அதே 0.1 ஓம் தடை உங்கள் சுவிட்சில் இருந்தால் 28 வாட், அதாவது ஒரு சிறிய சோல்டரிங் அயர்னை டேஷ்போர்டுக்குள் செருகி வைத்ததைப் போல. 60/55 பல்புக்கே திரும்பி, ரிலே (சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக எடுங்கள். அந்த ஒயருக்குரிய பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சுவிட்ச் வழியே ரிலேக்கான சொற்பக் கரண்ட் மட்டுமே போகும். பல்புக்கு வோல்ட் குறையாமல் கிடைப்பதால் பழைய பல்பே நன்றாக எரியும். பெரும்பாலோர் பெரிய பல்பைத் தேடுவது, வழியில் தொலைந்த வோல்ட்டைத் தேடாததால்தான்.

நெல்லிக்குப்பம் வாசகர்: செல்ப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. கேபிளுக்கும் கரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்திருக்கும் அல்லது துருப்பிடித்திருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மீது உட்கார்ந்திருப்பதால், செல்ப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியின்றி அந்தக் கேபிளின் வழியே போகிறது. பட்டையை மாற்றி, அது உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி முறுக்குங்கள்.

வில்லியனூர் வாசகர்: அப்படியானால் ஒயரிங் முழுவதையும் எப்போதுதான் மாற்றுவது?

பதில்: இணைப்புகளிலிருந்து தள்ளி, நடு ஒயரை வளைத்தாலே உறை வெடிக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள். எலி கடித்ததற்கும் ஓரிடத்தில் கருகியதற்கும் அந்தப் பகுதியை மட்டும் அதே தடிமனில் மாற்றினால் போதும்.