விதியோடு ஒரு வாய்தா

அன்புள்ள ஐயா,

நான் மணப்பாறை பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சுதந்திர தின விழாவில் பேசுவதற்காக நேருவின் நள்ளிரவு உரையை ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ட்ரிஸ்ட் வித் டெஸ்டினி' என்று வரும் முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள். "ட்ரிஸ்ட்னா என்ன டீச்சர்?" என்றாள். சந்திப்பு என்றேன். "அப்ப மீட்டிங்னே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

அகராதியை எடுத்துப் பார்த்தால் காதலர்கள் ரகசியமாகச் சந்திப்பது என்று போட்டிருக்கிறது. அதை வகுப்பில் படித்ததும் ஒரே சிரிப்பு. அவ்வளவு பெரிய நாடு விதியை எதற்கு ஒளிந்து ஒளிந்து சந்திக்க வேண்டும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தமிழில் 'விதியுடன் ஒரு சந்திப்பு' என்றும் 'விதியோடு ஓர் ஒப்பந்தம்' என்றும் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். எது சரி? நம் அகப்பாடல்களில் காதலர்கள் பகலிலும் இரவிலும் சந்திக்கக் குறித்த இடத்துக்குப் பகற்குறி, இரவுக்குறி என்று வருகிறதே, அந்தக் 'குறி' இங்கே பொருந்துமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் கடைசி இருநூறு வருஷக் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய கதை மாட்டுச்சந்தையில் நடந்தது. கடிதம் மணப்பாறையிலிருந்து வந்திருப்பதைப் பார்த்ததும் நான் சிரித்துக்கொண்டேன். இதை விளக்க உங்கள் ஊரைவிடத் தோதான ஊர் கிடையாது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவே ஃபால்கர்க் என்று ஓர் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டின் மிகப்பெரிய மாட்டுச்சந்தை அங்கேதான் கூடியது. அதன் பெயர் 'ஃபால்கர்க் ட்ரிஸ்ட்'. அதற்கு முன் வடக்கே கிரீஃப் என்ற ஊரில் நடந்ததும் ட்ரிஸ்ட்தான். 1723-ல் கிரீஃப் சந்தையைப் பார்த்த ஜான் மேக்கி என்பவர், முப்பதாயிரம் மாடுகள் விற்றன, இங்கிலாந்து வியாபாரிகள் முப்பதாயிரம் கினிக்கு (அந்தக் காலத் தங்கக்காசு) மேல் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். 1707-ல் இரண்டு நாடுகளும் ஒன்றாகி எல்லையில் சுங்கம் போனது. லண்டனுக்கு இறைச்சி வேண்டியிருந்தது, கடற்படைக்கு உப்புக்கண்டம் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் விற்பதற்கு இருந்த ஒரே சரக்கு மாடு.

அந்த மாடுகள் வந்த வழியைச் சொன்னால்தான் சொல்லின் எடை தெரியும். ஸ்கை என்று மேற்கே ஒரு தீவு. அங்கிருந்து மாட்டை ஓட்டிவருகிறவன் கைல் ரியா என்ற குறுகலான நீரிணையைக் கடந்தாக வேண்டும். பாலம் கிடையாது, அத்தனை மாட்டை ஏற்றப் படகும் கிடையாது. நாக்கை வெளியே விட்டு மாட்டின் கீழ்த்தாடையில் கயிறு கட்டுவார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனையை முன்னால் போகும் மாட்டின் வாலில் முடிவார்கள். இப்படி ஆறு முதல் எட்டு மாடுகளைச் சரமாகக் கோத்து, முதல் மாட்டைப் படகிலிருந்து இழுத்துக்கொண்டே போனால் பின்னால் மற்றவை நீந்தி வரும். நீரோட்டம் தணிகிற நேரம் பார்த்துத்தான் இறங்க முடியும். அந்தக் கரை ஏறினால் நடை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல்தான், அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்து விலை போகாது. ஓட்டுகிறவன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் மாட்டோடு படுப்பான். சாப்பாடு பெரும்பாலும் ஓட்ஸ் மாவு. இரண்டு மூன்று வாரம் இப்படி வந்தால் ஃபால்கர்க். அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கெட்டிப்பாதை என்பதால் மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள். பிளந்த குளம்பு, ஆகவே ஒரு காலுக்கு இரண்டு லாடம். உங்கள் ஊரில் வண்டிமாடு வைத்திருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது மறுபக்கம். தெற்கே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து ஒருவன் இடுப்பில் பணத்தோடு கிளம்புகிறான். இருவருக்கும் அறிமுகம் இல்லாமல் இருக்கலாம், கடிதப் போக்குவரத்தும் இல்லாமல் இருக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அந்தப் புல்வெளியில் இன்னொருவன் நிற்பான் என்ற ஒரே நம்பிக்கையில் இருவரும் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். மாடு கடலில் நீந்துவதும் அந்த நம்பிக்கையில்தான். நாள் குறித்தாகிவிட்டது, இடம் குறித்தாகிவிட்டது, ஆள் வருவான். ஸ்காட்லாந்துக்காரர்கள் ட்ரிஸ்ட் என்று சொன்னது இதை. மீட்டிங் என்றால் கூடிய பிறகு நடப்பது. ட்ரிஸ்ட் கூடுவதற்கு முன்பே, வருகிறேன் என்று சொன்ன கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் மாணவிக்கு என் பதில் இதுதான். மற்றதெல்லாம் உங்களுக்காக எழுதுவது.

சந்தையில் பணமும் சொல்லை நம்பித்தான் நடந்தது. மாட்டுக்காரனிடம் கடனுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, விற்ற பிறகு கொடுப்பதே பல இடங்களில் வழக்கம். பின்னாளில் வங்கிகளே சந்தைக்குள் கூடாரம் அடித்து உட்கார்ந்தன. சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ராப் ராய் மக்ரெகர் கதை இருக்கிறது. கதைகளில் வரும் பெரிய கொள்ளைக்காரன் என்றுதான் நமக்குத் தெரியும், ஆனால் அவர் முதலில் மாட்டு வியாபாரி. மான்ட்ரோஸ் பிரபுவிடம் மாடு பிடிக்க ஆயிரம் பவுண்டு வாங்கினார். நம்பிய கையாள் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான் என்று சொல்வார்கள். கடன் திரும்பவில்லை, நிலம் போயிற்று, அப்புறம்தான் காடும் கொள்ளையும்.

சந்தைக்கு வெளியிலும் இந்தச் சொல் ஸ்காட் மொழியில் தாராளமாகப் புழங்கியது. (அங்கே உச்சரிப்பு 'ட்ரைஸ்ட்'. ட்ரிஸ்ட் என்பது ஆங்கிலேயர் வாய்.) தையல்காரரிடம் அளவு கொடுத்துத் துணி தைக்கச் சொன்னால் அது ட்ரிஸ்ட் செய்த துணி. நிச்சயம் ஆன பெண் ட்ரிஸ்ட் ஆனவள். குறித்த இடத்தில் காத்திருப்பதற்கு ஒரு தொடர், போகாமல் ஏமாற்றுவதற்கு இன்னொன்று. பாத்வெல் பிரபுக்களான ஹெப்பர்ன் குடும்பத்தின் குலவாசகமே 'ட்ரிஸ்ட்டைக் காப்பாற்று' என்பது. அந்தக் குடும்பத்து ஜேம்ஸ் ஹெப்பர்ன் ஸ்காட்லாந்து அரசி மேரியைக் கல்யாணம் செய்துகொண்டு, 1567-ல் கார்பெரி குன்றில் எதிரிகள் சூழ்ந்ததும் அவரை அங்கேயே விட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். டென்மார்க்கில் சிறையில் செத்தார். குலவாசகம் கேடயத்தில் நன்றாகத்தான் இருந்தது.

வேர் இன்னும் பழையது. மத்திய கால ஆங்கிலத்திலும் பழைய பிரெஞ்சிலும் இது ஒரு வேட்டைச் சொல். ஒரு கூட்டம் காட்டைக் கலைத்து மான்களை விரட்டிவரும். வில்லோடும் நாயோடும் சிலர் குறிப்பிட்ட இடங்களில் அசையாமல் நிற்பார்கள். அந்த இடம்தான் ட்ரிஸ்ட். நம்பிக்கை என்ற பொருளுள்ள 'ட்ரஸ்ட்'டும் இதுவும் உறவுச் சொற்கள் என்பது மொழியாராய்ச்சிக்காரர்கள் பலரின் கருத்து. எனக்கு அது பொருந்தித்தான் தெரிகிறது. உன் இடத்தில் நீ நிற்பாய் என்று நம்பித்தானே அவன் அங்கிருந்து விரட்டிவருகிறான்?

இந்த இடத்தில் ஆங்கிலக் கவிஞர் சாசரைக் கொஞ்சம் கவனியுங்கள். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய ட்ராய்லஸ், கிரிசைட் காவியத்தில் பாண்டரஸ் என்ற தூதன் காதலன் ட்ராய்லஸுக்கு யோசனை சொல்கிறான்: நீ உன் ட்ரிஸ்டில் பதுங்கி இரு, மானை உன் வில்லுக்கு நேரே நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன். மான் என்று அவன் சொல்வது பெண்ணை. வேட்டைக்காரன் நிற்கும் இடமும் காதலன் காத்திருக்கும் இடமும் ஒரே வரியில் ஒன்றாகிவிட்டன. உங்கள் வகுப்பு சிரித்த பொருளுக்கு விதை அப்போதே விழுந்துவிட்டது என்று சொல்லலாம்.

பிறகு இங்கிலாந்தில் சொல் மங்கியது, ஸ்காட்லாந்தில் தங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட் போன்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர்களை ஆங்கிலேயர்கள் விழுந்து விழுந்து படித்தபோது அவர்கள் வழியாகத் திரும்பிவந்தது. பர்ன்ஸின் காதலன் ஜன்னலருகே வரச்சொல்லி மேரியைக் கூப்பிடும்போது இதுதான் நாம் குறித்த வேளை என்று இந்தச் சொல்லைத்தான் போடுகிறான். ஆங்கில வாசகர்கள் நிலாவையும் மரத்தடியையும் எடுத்துக்கொண்டு மாட்டையும் தையல்காரரையும் விட்டுவிட்டார்கள். ரயில் வந்ததும் மாடு நடப்பது நின்றது, சந்தையும் மெல்லத் தேய்ந்து போனது. 1785 முதல் சந்தை கூடிய ஸ்டென்ஹவுஸ்மியூர் வெளியில் இப்போது கோல்ஃப் ஆடுகிறார்கள். கிளப்பின் பெயர் மட்டும் இன்னும் ஃபால்கர்க் ட்ரிஸ்ட்.

சரி, நேருவுக்கு வருவோம். அவருடைய உதவியாளராக இருந்த எம்.ஓ. மத்தாய் 1978-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் ஒரு கதை சொல்கிறார். நேரு முதலில் எழுதியது 'டேட்'. அமெரிக்காவில் அதற்குப் பையனும் பெண்ணும் சேர்ந்து ஊர்சுற்றுவது என்று அர்த்தம், இந்த நேரத்துக்குச் சரிவராது என்று இவர் சொன்னாராம். குறித்த சந்திப்பு என்ற பொருளில் 'ராந்தேவூ' போடலாம், ஆனால் அது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஏற்கெனவே சொன்னது. அது உண்மைதான். 1936 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில், இந்தத் தலைமுறை அமெரிக்கர்களுக்கு விதியோடு ராந்தேவூ இருக்கிறது என்று அவர் பேசியிருந்தார். கடைசியில் ட்ரிஸ்ட் வந்ததாம். மத்தாய் சொல்லும் கதைகளில் முக்கியமான யோசனை பெரும்பாலும் மத்தாயுடையதாகவே இருக்கும், ஆகவே கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். காதல் வாடை வேண்டாம் என்று டேட்டை விலக்கிவிட்டு, உங்கள் வகுப்பைச் சிரிக்கவைத்த சொல்லில் வந்து நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை.

யார் போட்டிருந்தாலும் சொல் சரியாகவே விழுந்திருக்கிறது. வாக்கியத்தின் பின்பாதியைப் பாருங்கள். நெடுங்காலத்துக்கு முன் ட்ரிஸ்ட் செய்துகொண்டோம், இப்போது எங்கள் வாக்கை மீட்கும் நேரம் வந்திருக்கிறது என்கிறார். வெறும் சந்திப்பாக இருந்தால் மீட்பதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பழைய நாளை 1929 டிசம்பர் லாகூர் காங்கிரஸ் என்று எடுத்துக்கொண்டால், முழு விடுதலை என்று அங்கே தீர்மானம் போட்ட மாநாட்டின் தலைவரே அவர்தான். பதினேழரை வருஷம் அதே இடத்தில் நின்றிருக்கிறார்கள், அதில் பல வருஷம் சிறைக்குள். அதனால் 'விதியுடன் ஒரு சந்திப்பு' போதாது. 'ஒப்பந்தம்' இன்னும் மோசம், அதில் முத்திரைத்தாள் வாசனை அடிக்கிறது. இப்போது நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் ட்ரிஸ்ட் படும் பாடு தனி. சமையலோடு என் ட்ரிஸ்ட், யோகாவோடு என் ட்ரிஸ்ட் என்று தலைப்பு வைக்கிறார்கள். யோகா அவர்களுக்கு வருகிறேன் என்று எப்போது சொன்னது?

நீங்கள் சொன்ன குறியில் எனக்கு ஆசைதான். தொல்காப்பியம் களவியலில் பகற்குறிக்கும் இரவுக்குறிக்கும் இடம் சொல்லியே வைத்திருக்கிறது. அல்லகுறிப்படுதல் என்று குறி தப்பிப்போவதற்குக்கூட நம்மிடம் சொல் உண்டு. ஆனால் தனியாகக் குறி என்று வைத்தால் அது மறுபடி களவுக் காதலுக்கே இழுத்துக்கொண்டு போகும், ஆங்கிலத்தில் நடந்த அதே கோளாறு.

என் மனசுக்குள் ரொம்ப நாளாக ஒரு சொல் இருக்கிறது, வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். வாய்தா. அரபியில் வாக்குறுதி என்ற பொருளுள்ள சொல், இந்தியில் 'வாதா' ஆகிப் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. நம்மிடம் வந்து கோர்ட்டுக்குள் புகுந்து, ஆஜராக வேண்டிய நாள் ஆயிற்று. நிலவரி கட்டும் தவணைக்கும் அதுதான் பெயர். வாக்கும் நாளும் ஒரே சொல்லில் இருக்கின்றன, ட்ரிஸ்டில் இருப்பதைப்போலவே. நேருவும் அடுத்த மூச்சிலேயே, முழுசாக இல்லாவிட்டாலும் பெருமளவுக்கு மீட்கிறோம் என்கிறார். தேசம் இரண்டாகப் பிரிந்திருந்த ராத்திரி அது. ஒரு தவணை கட்டியாயிற்று, பாக்கி இருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாக எந்தத் தமிழ்ச்சொல் சொல்லும்? ஆனாலும் சுதந்திர தின மேடையில் வாய்தா என்றால் ஊரே சிரிக்கும், அது எனக்கும் தெரியும்.

மேடைக்கென்றால் இப்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: "நெடுங்காலத்துக்கு முன் விதிக்கு நாம் நாள் குறித்துக் கொடுத்தோம், கொடுத்த வாக்கை மீட்கும் வேளை இப்போது வந்திருக்கிறது." உங்கள் குறியும் அதில் வினையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது, யாரும் ஒளிந்துகொள்ளவும் வேண்டியதில்லை.

பதிலுக்கு எனக்கு ஒரு வேலை செய்யுங்கள். மணப்பாறைச் சந்தையில் பழைய தரகர்கள் இருந்தால், அடுத்த சந்தைக்கு மாட்டோடு வருகிறேன் என்று அச்சாரம் இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொல்லிப்போவதற்குத் தனியாக ஏதாவது சொல் வைத்திருக்கிறார்களா என்று அந்த மாணவியை விட்டே விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் எழுதுங்கள், என் வாய்தாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.